சீர் காரின் மஞ்சள் விளக்கு

மகளுக்குக் காது குத்திய அன்று, தாய்மாமன் சீராக என் அண்ணன் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பேரையூரிலிருந்து திருமங்கலம் மண்டபம் வரைக்கும் அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். வெள்ளை நிறப் பெட்ரோல் கார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதுதான். ஆனால் பாலிஷ் போட்டு, முன்னால் சம்பங்கி மாலை சாத்தி, மேளத்தோடு வாசலுக்கு வந்தபோது புதிதுபோலவே இருந்தது. பின்னால் வரிசைத் தட்டுகளோடு எங்கள் பக்கத்துப் பெண்கள் நடந்து வந்தார்கள்.

என் ஓரகத்தி மகனுக்குக் காது குத்தியபோது அவளுடைய தம்பிமார் கொண்டுவந்த சீரைப் பற்றிப் புகுந்த வீட்டில் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. மாமியார் என் காதருகே வந்து, "பரவாயில்லத்தா, உங்கண்ணன் சபையில நம்மளத் தல நிமிர வச்சுட்டான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அப்பா இறந்தபிறகு என்னை எம்.எஸ்ஸி., பி.எட். வரை படிக்க வைத்தவன் அண்ணன். இதையும் செய்தான் என்று நினைத்தேன்.

மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. எடை குறைவாகப் பிறந்தவள். நெஞ்சில் சளி கட்டினால் இழுப்பு வந்துவிடும். புகையும் தூசியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். பள்ளிக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம். அதுவரை அவளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கார் வந்ததும் பஸ் புகையிலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினேன்.

இரண்டாவது வாரத்தில் பெட்ரோல் வாசனை தெரிந்தது. கப்பலூர் டோல்கேட் வரிசையில் நின்றால் அதிகமாக இருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். ஷிப்ட் வேலை, பைக்கில்தான் போய்வருவார். காரின் முன்னால் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "லாரிக்குப் பின்னாடி நின்னுருப்ப" என்றார். மகள் பிறந்ததிலிருந்து எனக்கு இல்லாத வாசனையெல்லாம் வரும். கேஸ் அடுப்பு கசிகிறது என்று ஒரு மாதத்தில் மூன்று முறை ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். மூன்று முறையும் கசியவில்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு அவள் காரில் வாந்தி எடுத்தாள். அதற்கு மறுநாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா. பங்க்ல டேங்கு மூடிய நல்லா இறுக்கியிருக்க மாட்டான். அம்புட்டுத்தான். ஞாயித்துக்கெழம வாரேன்."

சொன்னபடி வந்தான். சாவியை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய்வந்தான். விளக்கு அணைந்திருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மருமகளைத் தோளில் தூக்கி வைத்து ஆடினான். அடுத்த வாரக் கடைசியில் மறுபடியும் விளக்கு எரிந்தது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை வந்தான். இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். வேலையை விட்டுவிட்டு இதற்காக அவ்வளவு தூரம் வருகிறானே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது முறை அவன் கிளம்பும்போது கேட்டுவிட்டேன்.

"அண்ணே, பிள்ளை இந்த வண்டியில ஏறுனாத்தான் வாந்தி எடுக்குறா. ராத்திரி இருமுறா. வண்டியில ஏதும் கோளாறா இருக்குமா?" கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"ஒனக்குப் பிரமை பாப்பா. பிள்ளையா பெத்த, பயத்தப் பெத்து வச்சிருக்க" என்று என் தலையில் லேசாகக் குட்டினான். கணவரும் சிரித்தார். "ஏசி போட்டா அவளுக்குச் சேராது. கண்ணாடிய எறக்கி விட்டே ஓட்டு, சரியாப் போயிரும்" என்றார்.

வேறு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாம். இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சீராக வந்த பொருளைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் கொடுத்தவனையே குறை சொல்வது. சேலை சாயம் போனாலும், குத்துவிளக்கு ஓட்டையானாலும் யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். காரைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. திருமங்கலத்தில் எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் மாலைக்குள் ஓரகத்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும். சீட்டில் இருந்த வாந்திக் கறையை மாமியார் பார்த்துக் கேட்டபோது, தயிர் கொட்டிவிட்டது என்று நானாகவே சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு கழிந்த புதன்கிழமை காலை, டோல்கேட் வரிசையிலேயே அவள் வாந்தி எடுத்தாள். கண்ணாடிகள் நான்கும் இறங்கித்தான் இருந்தன. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. முன்னால் பார்த்தேன், மஞ்சள் விளக்கு இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோளாறைச் சரிசெய்திருந்தால் வாசனை போயிருக்க வேண்டும். போனது விளக்கு மட்டும்.

அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பெர்மிஷன் எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் போகாத ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. மெக்கானிக்குக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நான் கழற்ற மறந்திருந்தேன்.

"என்ன டீச்சர், வெளக்கு எரியுதா?"

"எரியலண்ணே. அதான் வந்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "எரிஞ்சாத்தான் எல்லாரும் வருவாக. நீங்க புதுசா இருக்கீகளே."

சொன்னேன். இஞ்சினை ஓட விட்டு, பின்பக்கப் புகைக்குழாய்க்குள் துணி சுற்றிய விரலை விட்டு எடுத்தார். துணி கண்மை பூசியதுபோலக் கறுத்திருந்தது. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த ஸ்கேனர் திரையைக் காட்டினார். P0172 என்று ஒரு கோளாறு எண் இருந்தது. அதைக் கோடு என்றார்.

"பெட்ரோலும் காத்தும் ஒரு அளவாக் கலந்துதான் எரியணும் டீச்சர். இதுல பெட்ரோல் கூடப் போகுது. கூடப் போறது முழுசா எரியாம கரியாவும் நாத்தமாவும் வெளிய வருது. ரிச் மிக்ஸர்னு சொல்லுவோம். கம்ப்யூட்டர் அதக் கண்டுபிடிச்சுருச்சு. ஆனா இன்னும் வெளக்கப் போடல, இன்னொரு தடவ பாத்துட்டுப் போடலாம்னு இருக்கு."

திரையைத் தள்ளிக்கொண்டே போனவர் நிறுத்தினார். "கோடு அழிச்சு அறுபத்தெட்டு கிலோமீட்டர்தான் ஆகுது. யாரு அழிச்சா?"

"அழிக்கிறதுன்னா?"

"தீப்பெட்டி கணக்கா ஒண்ணு விக்கிது. இதே எடத்துல சொருகி, போன்ல ஒரு தட்டு தட்டுனா கோடும் போயிரும், வெளக்கும் அமந்துரும். கோளாறு அப்படியே இருக்கும். நாலஞ்சு நாள் ஓடுனா திரும்ப எரியும்."

திங்கள் போகவர இருபத்தாறு. செவ்வாய் இருபத்தாறு. அன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் பதின்மூன்று. அங்கிருந்து ஒர்க்ஷாப்புக்கு மூன்று. அறுபத்தெட்டு. வேறு எங்கும் வண்டியை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வரை போய்வந்த ரவுண்டைத் தவிர எந்த இடத்திலும் கணக்கு போய் நிற்கவில்லை. இரண்டாவது முறையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். தப்பாக இருக்க வேண்டும் என்று கூட்டினேன்.

அவர் அதற்குள் முன்மூடியைத் திறந்து வைத்திருந்தார். "இங்க பாருங்க. அரை மணி நேரமா ஓடுது. அந்தக் குழாயத் தொட்றாதீங்க, தோலு உரிஞ்சிரும். ஆனா கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? இஞ்சின் சூடு நாப்பத்தொண்ணுங்குது. நம்ம ஊரு வெயிலே நாப்பது. இஞ்சின் இன்னும் குளிர்ல கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு அது பெட்ரோல ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது."

சூட்டை அளக்கும் சென்சாரின் வயரைப் பிடித்துக்கொண்டே போய், சுற்றியிருந்த கறுப்பு டேப்பை அறுத்தார். உள்ளே பாசிமணி அளவில் ஒரு ரெசிஸ்டர் ஒட்டவைக்கப்பட்டிருந்தது. சூட்டைக் குறைத்துக் காட்டுவதற்காக வைத்தது என்றார். இந்த இஞ்சின் முன்பே ஒருமுறை கொதித்துப் போயிருக்கிறது, ஓட ஓடச் சூடேறும். அது சூடு காட்டும் முள்ளில் தெரியக் கூடாது என்று செய்த வேலை. சாவியைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்படியும் நேராக இணைத்திருந்தார்கள்.

"தெரியாம நடந்ததா இருக்குமாண்ணே?"

"வயர வெட்டி, பத்தவச்சு, டேப்பு சுத்திருக்கு. எலி பாக்குற வேலையா இது?"

குழந்தையைப் பற்றிக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் டாக்டர் இல்ல. எம் பிள்ளைன்னா ஏத்த மாட்டேன். கண்ணாடி எறக்கித்தான் ஓட்டுறீகளா? வரிசையில நிக்கிறப்ப எறக்கி வச்சா பின்னாடி வர்ற புகை உள்ளதான வரும்."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மாலையில் மகளை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அண்ணனுக்காகவே வாதாடிக்கொண்டிருந்தேன். விற்றவன் ஏமாற்றியிருப்பான். விளக்கை அழித்தால் கோளாறும் போய்விடும் என்று அண்ணன் நினைத்திருப்பான். அவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். வாசலில் கார் இல்லாததைப் பார்த்து, "வண்டி எங்க?" என்றார்.

"மெக்கானிக்கிட்ட விட்டிருக்கேன். சென்சார் வயர்ல ரெசிஸ்டர் வச்சு ஒட்டியிருக்காங்களாம்."

மெஷின்களோடு வேலை செய்கிறவர். என்ன ரெசிஸ்டர், எதற்கு வைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"எந்த மெக்கானிக்கு? நம்ம ஊர்க்காரனா?" என்றார்.

நான் பையைக் கீழே வைத்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

செருப்பை மாட்டி வெளியே போகப் பார்த்தார். வாசற்படியை மறைத்துக்கொண்டு நான் நின்றதால் நின்றார். "ரெண்டாவது தடவ வந்தப்ப மச்சான் சொன்னாரு. மாசியில பருத்தி எடுத்ததும் வேற வண்டி மாத்தித் தாரேன், அதுவரைக்கும் பாப்பாகிட்ட சொல்ல வேணாம் மாப்ளன்னு கையப் பிடிச்சாரு. என்ன செய்யச் சொல்ற?"

"என்கிட்ட சொல்லச் சொல்றேன்."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஒங்கண்ணன்கூடச் சண்டைக்குப் போவ. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுரும், எங்கண்ணிக்குத் தெரிஞ்சுரும், அம்புட்டுப் பேரும் சிரிப்பாக. அதான் கண்ணாடிய எறக்கி ஓட்டுன்னு ஒன்கிட்ட சொன்னேன்ல?"

அவர் அதை எனக்கு ஒரு உபகாரம் செய்ததுபோலத்தான் சொன்னார். மகளுக்கு ஏசி சேராது என்று எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று காப்பக ஆயாவிடம் நான் பெருமையடித்திருந்தேன். தினமும் காலையில் நானே நான்கு கண்ணாடிகளையும் இறக்கி வைத்தேன். இந்தக் கையால்தான் இறக்கினேன் என்று அன்றைக்குச் சாப்பிடும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வண்டியைக் கொடுத்த மெக்கானிக், முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போனால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கல்லுப்பட்டிக்கு முன்பே முள் ஏறிவிட்டது. வேப்பமரத்தடியில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் கரிசல் உழுது கிடந்தது. பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "தண்ணிய ஊத்துங்க" என்றார். இன்னொருவர், "இப்ப ஊத்திறாதீங்க, பீச்சி அடிச்சிரும்" என்றார். நான் யார் சொல்வதையும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு மறுபடி ஓட்டினேன். திரும்பிப் போய்விடலாமா என்று அந்த முக்கால் மணி நேரமும் யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அண்ணன் மக்காச்சோள யாவாரம் செய்கிறான். வீட்டு முன்னால் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பாப்பா, சொல்லாமக் கொள்ளாம? மருமகளக் கூட்டிட்டு வரல?"

"இந்த வண்டியிலயா கூட்டிட்டு வரச் சொல்ற?"

கைப்பையிலிருந்து ரெசிஸ்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அதைப் பார்த்தான். பிறகு மூட்டை தைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்களைப் பார்த்தான். "உள்ள வா. தெருவுல வச்சுப் பேச வேணாம்."

"இங்கயே சொல்லு. வித்தவன் வச்சானா இத?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று அவன் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்புவதற்காகவே அப்படிக் கேட்டேன்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன். விசேஷத்துக்கு மூணு நாளைக்கு முன்னாடி. ஓட்டிப் பாத்தா முள்ளு ஏறிக்கிட்டே போகுது. சபைக்கு வர்ற வழியில நின்னு போச்சுன்னா எம் பொழப்பு என்ன ஆகுறது? கார் கொண்டாரேன்னு ஒன் மாமியாகிட்டச் சொல்லியாச்சு. ஒன் ஓரகத்தி வாய அடைக்க வேணாமா? ஒனக்காகத்தான் பாப்பா செஞ்சேன்."

"அன்னைக்கு ஒரு நாளைக்குச் செஞ்ச. சரி. அப்புறம் மூணு ஞாயித்துக்கெழம வந்தியேண்ணே. தீப்பெட்டி கணக்கா ஒண்ண வாங்கிச் சட்டப்பையில வச்சுக்கிட்டு வந்த. பிள்ளை வாந்தி எடுக்குறான்னு ஒன் முன்னாடி நின்னு அழுதேன். பிரமைன்னு தலையில குட்டுன."

அவனுக்குக் கோபம் வந்தது. "ஒன்ன எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வச்சவன் நான்டி. என்னையவே தெருவுல நிக்க வச்சுக் கேள்வி கேக்குற?"

"படிக்க வச்சதுனாலதான் அறுபத்தெட்டு கிலோமீட்டரக் கூட்டிப் பாத்தேன்."

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. தராசுத் தட்டில் வைத்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த மதினி பயந்துபோய், "சீரத் திருப்பி விடக் கூடாது. ஒறவே வேணாம்னு அர்த்தமாயிரும். எடுத்துக்க" என்றார். தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தேன். தாகமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது அண்ணன் பின்னால் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேன்.

அன்று மாலை மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "எம் மகனுக்கு இது தெரியுமாத்தா?" என்றார்.

"தெரியாது அத்தை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. கதவருகே நின்றுகொண்டிருந்த கணவர் அதைக் கேட்டார்.

இப்போது பஸ்ஸில்தான் போகிறோம். அண்ணன் போன் செய்வதில்லை. நானும் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். போன வாரம் திருப்பரங்குன்றம் தாண்டும்போது மகள் பஸ்ஸிலும் வாந்தி எடுத்தாள். டாக்டரிடம் ஓடினேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். அப்படியானால் காரில் எடுத்த வாந்தியும் இதனால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், புகையாலும் இருக்கலாம், இப்போது எப்படிச் சொல்வது என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் முகம் தெளிந்தது.

"பாத்தியா? வண்டியால இல்ல. அதுக்குள்ள ஒங்கண்ணன் மொகத்துல கரியப் பூசிட்டு வந்துட்ட."

"வண்டியால இல்லன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

வாந்தி பட்ட அவளுடைய சட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அலசப் போனார். குழாயடியில் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.